சுருங்குறித்தொடரும் தற்சுழற்சிப் பிழையும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழில் அமைந்த இணையப்பக்கம் ஒன்று நேற்றுவரை ஒழுங்காகத் திறந்தது என வைத்துக்கொள்வோம். இன்று அதில் நீண்ட கட்டுரை ஒன்றை ஏற்றியதும் திரை வெறுமையாக நிற்கிறது, பிழைச்செய்தியும் இல்லை. இந்நிலையில் முதலில் எழுத்துருவின்மீது ஐயம் எழும், அடுத்து ஒருங்குறியின்மீது, இறுதியில் தமிழின்மீதே. ‘கணினிக்குத் தமிழ் ஒத்துவராது’ என்னும் பேச்சை நாம் பல அரங்குகளில் கேட்டிருக்கிறோம். இப்பிழையைப் பொறுத்தவரை அப்பேச்சுக்கு இடமில்லை. மொழியியலில் 1956ஆம் ஆண்டிலேயே வரையப்பட்ட ஓர் எல்லைக்கோட்டை நிரலர்கள் கடந்துசென்றதன் விளைவே இது.

அவ்வாண்டில் இரு கட்டுரைகள் அச்சேறின. ஒன்று அமெரிக்கக் கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி எழுதியது. நரம்பு வலைகளை ஆராயப் புகுந்த அவர், ஓர் எழுத்து வரிசை குறித்த வடிவத்தில் உள்ளதா எனச் சொல்லும் சிறு குறியீட்டு முறையை அமைத்தார். ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனப்படும் சுருங்குறித்தொடர் அதுவே. எந்த எழுத்துச் சொல்லுக்கு முதலாகும், எது ஈறாகும் எனத் தொல்காப்பிய மொழிமரபு கூறும் விதிகளை இம்முறையில் எளிதில் எழுதிவிடலாம். அவ்விதிகளைச் சரிபார்க்க, இடமிருந்து வலமாகச் சென்றால் போதும். முன்னே கண்டவற்றை எண்ணிக்கை வைத்து நினைவிற்கொள்ள வேண்டியதில்லை.

மற்றொன்று நோம் சாம்ஸ்கியின் கட்டுரை. வாக்கியத்துக்குள் வாக்கியம் பொதியும் மொழிகளுக்கு இந்நினைவற்ற முறை போதாது என்பதை அவர் காட்டினார். நம் மொழியிலிருந்தே சான்று தரலாம். ‘நான் வள்ளி கண்ணன் வந்தான் என்று சொன்னாள் என்று நினைத்தேன்’ என்னும் தொடரில் நான், வள்ளி, கண்ணன் என மூன்று எழுவாய்கள் வரிசையாகத் திறக்கின்றன. வந்தான், சொன்னாள், நினைத்தேன் என மூன்று பயனிலைகள் தலைகீழ் வரிசையில் அவற்றை மூடுகின்றன. எது எதை மூடுகிறது என்றறிய, திறந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைக்கும் நினைவு வேண்டும். கிளீனியின் முறையில் அவ்வடுக்கு இல்லை.

கோட்பாடு அங்கே நிற்க, கருவிகள் வேறு வழியில் வளர்ந்தன. 1968இல் கென் தாம்சன் சுருங்குறித்தொடரை உரைத்தேடலுக்குக் கொண்டுவந்தார். அவர் வெளியிட்ட முறை எல்லா வாய்ப்புகளையும் ஒருசேரத் தொடர்ந்தது; பின்வாங்குதல் அதில் இல்லை. 1987இல் பெர்ல் மொழியை வெளியிட்ட லேரி வால் மொழியியல் பயின்றவர் என்பது நம் துறையினர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. எனினும் பெர்ல் வழிவந்த பொறிகள் ஒரு வழியை முயன்று, பிழைத்தால் திரும்பிவந்து மறுவழி முயலும் முறையையே கைக்கொண்டன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1997இல் எழுதத் தொடங்கிய ‘பி.சி.ஆர்.இ.’ நூலகம் அம்முறையைப் பரப்பியது, பி.எச்.பி. மொழி அதனை ஏற்றது. பின்னர் ஒரு தொடர் தன்னையே அழைத்துக்கொள்ளவும் வசதி வந்தது. அடுக்கில்லா முறைக்குப் பின்கதவு வழியே அடுக்குக் கிடைத்தது எனலாம்.

இணையச் சட்டகங்களின் வார்ப்புருக்கள் இங்கேதான் சிக்கின. வார்ப்புரு என்பது நிலையான உரைக்கிடையே ‘இங்கே பெயரை இடு’, ‘இதனைப் பத்து முறை செய்’ போன்ற கட்டளைகள் பொதிந்த பக்கம். கட்டளைக்குள் கட்டளை வரும். அதனை ஒரே சுருங்குறித்தொடரால் பிரிக்க முயன்றோர் பலர்.

‘அடைப்புக்குறி அல்லாத ஓர் எழுத்து, அல்லது உள்ளமைந்த கட்டளை, இது மீண்டும் மீண்டும்’ என எழுதினால், பழைய பொறி ஒவ்வோர் எழுத்துக்கும் தன்னைத்தானே ஒருமுறை அழைக்கும். ஓர் அழைப்புக்கு ஏறத்தாழ 500 பைட்டு அடுக்கு நினைவு செலவாகும் என்பது அந்நூலகத்தின் கையேடு தந்த கணக்கு. லினக்சில் வழக்கமான அடுக்கு 8 மெகாபைட்டு. ஆக, 16,000 அழைப்புகளில் அடுக்கு நிரம்பிவிடும். பி.எச்.பி. 5.2 வைத்த தற்சுழற்சி வரம்போ 1,00,000. வேலி வயலுக்கு வெகுதொலைவில் நட்டிருந்தது. வரம்பை எட்டுமுன்பே நிரல் சரிந்தது.

தமிழ் இதில் கூடுதல் விலை கொடுத்தது. ‘தமிழ்’ என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியீடுகள், யு.டி.எப்.-8 வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆகப் பதினைந்து. பொறியிடம் ‘இது யு.டி.எப்.-8’ எனச் சொல்லாவிடில் அது பைட்டையே எழுத்தாக எண்ணும். 16,000 அழைப்புகளில் ஆங்கில எழுத்தில் அமைந்த ஐந்தெழுத்துச் சொல் 3,200 அடங்கும். ‘தமிழ்’ 1,066தான் அடங்கும். 2001 ஆகஸ்டில், நம் சுங்கை வேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியபோது, ‘தஸ்கி’ போன்ற எட்டுப்பிட்டுக் குறியேற்றங்கள் பெருவழக்கில் இருந்தன. தஸ்கியில் அதே சொல்லுக்கு நான்கு பைட்டுதான். ஆகவே பழைய வார்ப்புருவை மாற்றாமல் உரையை மட்டும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தால், சுமை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒருங்குறிமீது பழி விழ இது ஒன்றே போதும்.

பிழையைக் கண்டறிவது நோயறிதலைப் போன்றதே. உரையைப் பாதியாகக் குறைத்துப் பார்க்க வேண்டும். பக்கம் திறந்தால் ஐயத்துக்குரியது நீளம், எழுத்துருவை விட்டுவிடலாம். அடுத்து, செயல் ‘சரிந்ததா’, ‘மறுத்ததா’ எனப் பிரித்தறிய வேண்டும். சரிந்தால் வழங்கியின் பிழைப்பதிவேட்டில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்னும் குறிப்பு இருக்கும். மறுத்தால் பொறி வெறுமையைத் திருப்பித் தரும். வார்ப்புரு அவ்வெறுமையையே பக்கமாக அச்சிடும். ‘பிரெக் லாஸ்ட் எரர்’ என்னும் சார்பைக் கேட்டால் 2 எனில் பின்வாங்கல் வரம்பு, 3 எனில் தற்சுழற்சி வரம்பு, 4 எனில் பழுதுற்ற யு.டி.எப்.-8. பலர் உடனே வரம்பை உயர்த்துவர். பழைய பதிப்புகளில் அது மறுப்பைச் சரிவாக மாற்றும்; வரம்பை அடுக்கின் அளவுக்குத் தாழ்த்துவதே அறிவுடைமை, பிழையேனும் வாய்திறந்து பேசும். தொடரில் ‘யு’ குறி இடுவதும், ஓரெழுத்தாக எடுப்பதை விடுத்து அடைப்புக்குறி வரும்வரை உள்ள உரையை ஒரே பிடியாக எடுத்து விட்டுக்கொடாதிருக்கச் செய்வதும் அழைப்புகளைப் பெரிதும் குறைக்கும்.

பொறிகளும் திருந்தின. பைத்தானின் பொறி 2004இல் வந்த 2.4ஆம் பதிப்பில் தற்சுழற்சியைக் கைவிட்டது. பி.சி.ஆர்.இ.2 நூலகம் 2017இல் அதனைச் செய்தது. 2018 இறுதியில் பி.எச்.பி. 7.3 அந்நூலகத்துக்கு மாறியது. எனினும் பொறி சரியாமலிருப்பது வேறு, வார்ப்புருவைச் சரியாகப் பிரிப்பது வேறு. 2005இல் வெளியான ஜாங்கோ சட்டகம் தொடக்கத்திலேயே வேலையை இரண்டாகப் பகுத்தது. சுருங்குறித்தொடர் உரையையும் கட்டளைகளையும் துண்டாக்குவதோடு நின்றுவிடும். எக்கட்டளையை எது மூடுகிறது என்பதைத் தனிப் பகுப்பி பார்த்துக்கொள்ளும். எழுத்ததிகாரத்தின் வேலையைச் சொல்லதிகாரத்திடம் கொடுக்காத தொல்காப்பியரின் பகுப்பு நமக்கு நினைவுக்கு வருகிறது. லாரவெல் சட்டகத்தின் ‘பிளேடு’ வார்ப்புருவோ அடைப்புக்குறிகளை இணைக்கத் தன்னையே அழைக்கும் தொடரை நெடுங்காலம் நம்பியிருந்தது. மேற்கோள்குறிக்குள் தனித்து நிற்கும் ஓர் அடைப்புக்குறியே அதனைத் தடுமாறச் செய்யும். பின்னாளில் அங்கும் அடைப்புக்குறிகளை எண்ணிச் சரிபார்க்கும் பணி தொடரிடமிருந்து சாதாரண நிரலிடம் சென்றது.