ஒரே ஆண்டில் பிறந்த இரு தொழில்கள்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது 1956 நவம்பரில். அதே ஆண்டில்தான் பம்பாயில் மைய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் தனக்கென ஒரு கார்ட்டூன் பிரிவைத் தொடங்கியது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்க நெய்வேலி நகரியத்தில் வாழ்பவனுக்கே தோன்றும் போலும். அனிமேஷன் படித்தால் வேலை கிடைக்குமா என்று மாணவர்களும் பெற்றோரும் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆண்டு நினைவுக்கு வருகிறது.

இரண்டும் அரசின் முயற்சிகள். இரண்டுக்கும் அயல்நாட்டுக் கைகள் துணைநின்றன. இங்கே மண்ணகழ ஜெர்மானிய இயந்திரங்களும் அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் பொறியாளர்களும் வந்தனர். அங்கே அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் வழியாக வந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னியிடம் ‘பாம்பி’ போன்ற படங்களில் பணியாற்றியவர். கிறித்தவ மறைப்பணியாளர்களின் மகனாக இந்தியாவிலேயே பிறந்தவர். ஒன்றரை ஆண்டுக்காலம் தங்கி ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சியளித்தார். ஜாதகக் கதையொன்றைத் தழுவிய ‘பனியன் டீர்’ 1957இல் அப்பயிற்சியில் விளைந்தது.

அக்குழுவில் ஒருவர் ராம் மோகன். 1931இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றவர். ஓவியக் கல்லூரியின் வாசனையே இல்லாத ஒருவர் பின்னாளில் இந்திய அசைவூட்டத்தின் தந்தை எனப்பட்டது எவ்வாறு? மேதைமை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். என் எண்ணம் வேறு. 1968வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவருக்கு மாதச் சம்பளம் வந்தது. குடும்பக் கட்டுப்பாடு, சேமிப்பு என்று அரசு சொன்ன பொருள்களை வரைந்தாலும், கதை, உருவமைப்பு, அசைவு என அனைத்தும் அவர் கைவழியே சென்றன. அவரது ‘ஹோமோ சாப்ஸ்’ தேசிய விருது பெற்றது. பின்னர் பிரசாத் நிறுவனத்தில் அசைவூட்டப் பிரிவின் தலைமை. 1972இல் சொந்த நிறுவனம். மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ (1969), சத்யஜித் ராயின் ‘ஷத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) ஆகியவற்றில் வரும் அசைவூட்டப் பகுதிகள் அவருடையவை. டல்ஹௌசி பிரபு சமஸ்தானங்களைச் செர்ரிப் பழங்களாக விழுங்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சரித்திரப் பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை அது சில நொடிகளில் சொல்லிவிடுகிறது.

அசைவூட்டம் தொடக்கத்தில் ஒரு நிகழ்த்துகலையாகவே இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1914இல் அமெரிக்காவின் வின்சர் மக்கே, தாம் வரைந்த ‘ஜெர்ட்டி’ என்னும் டைனோசரைத் திரையில் ஓடவிட்டு, தாமே மேடையில் சாட்டையுடன் நின்று அதற்குக் கட்டளையிட்டார்; அது பணிந்தது, முரண்டு பிடித்தது, அழுதது. வரைந்தவன் திரைக்கு அருகிலேயே நின்றான். அவரைப் பத்திரிகை ஓவியராகச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஹர்ஸ்ட், அம்மேடை நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தினார் என்பது கதையின் மறுபாதி. சம்பளம் கலையை வளர்க்கவும் செய்யும், கட்டிப்போடவும் செய்யும்.

நம் தோற்பாவைக் கூத்தன் திரைக்குப் பின்னால் நின்றான். ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி, வண்ணமிட்டு, விளக்கொளியில் வெண்துணியோடு அணைத்து ஆட்டியபடியே, இராமன் முதல் கோமாளிவரை அத்தனை பேருக்கும் ஒருவனே குரல் கொடுத்தான். தமிழகத்தில் இக்கலையைக் காத்தவர்கள் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் குடும்பத்தினர்; அ.கா. பெருமாள் அவர்களைக் குறித்து விரிவாக எழுதியிருக்கிறார். அசைவு முழுவதும் அவர்களுக்கே சொந்தமாக இருந்தது; மாதச் சம்பளந்தான் இல்லை. மண்டிகர் பிள்ளைகள் வேறு பிழைப்புத் தேடிப் போனதை யார் குறைசொல்ல முடியும்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கணினியோடு வந்த அயல்பணி அலை இதைத் தலைகீழாக்கியது. சம்பளம் வந்தது, அசைவு பறிபோனது. கதையும் உருவமும் வெளிநாட்டில் தீர்மானிக்கப்பட, முக்கிய நிலைகளுக்கு இடைப்பட்ட படங்களை நிரப்புவதே பெரும்பாலான இளைஞர்களின் பங்காயிற்று. விதிவிலக்குகள் உண்டு. சென்னை பென்டாஃபோர் நிறுவனம் 2000இல் மனித அசைவுகளைப் பதிவுசெய்து முழுநீள ‘சிந்துபாத்’ படம் எடுத்தது. தமிழில் ‘இனிமே நாங்கதான்’ 2007இலும் ‘கோச்சடையான்’ 2014இலும் வந்தன. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒரே குழுவைச் சம்பளத்தோடு வைத்துக் கற்கவிட்ட 1956இன் ஏற்பாடு தமிழ்த் திரையுலகில் வேர்கொள்ளவில்லை. ஆகவே, கேட்கும் மாணவருக்கு நான் சொல்வது ஒன்றே: பயிற்சி நிலையம் எந்த மென்பொருளைக் கற்பிக்கிறது என்று விசாரிப்பதற்கு முன், ஒரு நிமிடப் படமாயினும் முதற்கோடு முதல் இறுதி ஒலிவரை உங்களையே செய்யவிடுவார்களா என்று விசாரியுங்கள்.

யூகோ சாகோ முன்னின்று ஜப்பானில் உருவாக்கிய ‘இராமாயணம்: இளவரசர் இராமனின் வரலாறு’ (1992) படத்தின் இயக்குநர்களுள் ராம் மோகனும் ஒருவர். கையால் தீட்டப்பட்ட அப்படத்துக்கு அன்று இந்தியாவில் எதிர்ப்பும் இருந்தது. திரையரங்குகளிலும் பரவலாக ஓடவில்லை. 2019 அக்டோபரில் ராம் மோகன் மறைந்தார். படம் புதுப்பிக்கப்பட்டு, தமிழ்க் குரல்களுடன் நம் திரையரங்குகளுக்கு வந்தது 2025 ஜனவரியில்.