தேய்மானமும் ஒரு பாத்திரக் கடையும்

வணிகவியல் வகுப்பில் நாம் மனப்பாடம் பண்ணிய சொல் 'தேய்மானம்'. அதன் பொருள் எனக்கு விளங்கியது, திண்டிவனம் பக்கத்து வல்லத்தில் என் தந்தையார் நடத்திய சிறு பாத்திரக் கடையில்தான்.

நம்மைப்போல் கணக்குப் படித்தவர்தான் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். பம்பாயில் தணிக்கையாளராக இருந்தார். 1934இல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளரானார். சிறையில் எழுதி 1945இல் வெளியான நூலில், தீர்ந்துபோகும் வளத்தை நம்பும் பொருளாதாரம் ஒன்று, நிலைத்து நிற்பது ஒன்று எனப் பிரித்துக் காட்டினார்.

எங்கள் கடையில் அந்த இரண்டும் மோதின. பிளாஸ்டிக் குடம் வந்ததும் பித்தளைக் குடத்தைக் கேட்பாரில்லை. "ஒரு குடம் வித்தா முப்பது வருஷத்துக்கு அந்த வீட்டுக்காரங்க வரமாட்டாங்க, எப்படிப்பா பிழைக்கிறது?" என்றேன். "அண்டாவுக்கு ஈயம் பூச வருவாங்க, ஒடுக்கு எடுக்க வருவாங்க, பழசை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்க வருவாங்க" என்றார் அப்பா. அப்படியே நடந்தது. விற்பனை படுத்த வருஷங்களில் பழுது பார்த்த கூலிதான் கடை வாடகையைக் கட்டியது.

2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. குடம் அந்தத் தடையில் இல்லை. அதை மாற்ற வேண்டியது நாம்தான்.

கடை வைக்க நினைக்கும் மாணவத் தம்பி தங்கைகளே, விற்றதோடு கணக்கை மூடிவிடாதீர்கள். பழுது பார்க்கவும் ஒரு மூலை ஒதுக்குங்கள். பொருள் தேயலாம், வாடிக்கை தேயாது.