மதுரையில் இப்னு பதூதா: பயணம் எழுதியவரின் பாடுகள்

ஊர்களைச் சுற்றிப் பார்ப்பதையும், பார்த்ததைப் பிறர்க்கு எடுத்துச் சொல்வதையுமே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள வேண்டும் என்னும் ஆவல் இன்று நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலரிடம் காணப்படுகிறது. அத்தொழிலின் இனிய பக்கம் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. வழிச்செலவைத் தருபவர் யார், தருபவரைப் பற்றி உண்மையை எழுத முடியுமா, நோயிலும் இழப்பிலும் துணை யார் என்னும் கேள்விகள் மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை. இவற்றுக்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. ஏறத்தாழ 680 ஆண்டுகளுக்கு முன் நம் மதுரைக்கு வந்து, அரசரின் விருந்தினராக இருந்து, காய்ச்சலில் வீழ்ந்து பிழைத்து, கண்டதைச் சொல்லிச் சென்றவர் ஒருவர் உண்டு. அவர்தாம் இப்னு பதூதா.

மொராக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த அவர், தமது 21ஆம் வயதில், 1325இல், ஹஜ் கடமையை நிறைவேற்றப் புறப்பட்டார். அப்பயணம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு நீண்டது. அவர் செல்வந்தர் அல்லர். மார்க்கச் சட்டக் கல்வியே அவருடைய கைமுதல். அறிஞர்களையும் வழிப்போக்கரையும் ஆதரிக்கும் தங்குமிடங்கள், ஆட்சியாளர்களின் அன்பளிப்புகள், இடையிடையே கிடைத்த காழிப் பதவி ஆகியவற்றைக் கொண்டே அவர் உலகைச் சுற்றினார்.

தில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக், ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் அவரைக் காழியாக அமர்த்தினார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அரசரைக் காண வருபவர் காணிக்கை கொண்டுவர வேண்டும். அரசரோ அதற்குப் பன்மடங்கு திருப்பித் தருவார். இதை நம்பி வணிகர்கள் புதிதாக வருவோர்க்குக் கடன் கொடுத்தனர். இப்னு பதூதாவும் அவ்வாறே கடன் வாங்கினார். அது 55,000 தீனாராக வளர்ந்து, கடன்காரர்கள் நெருக்கும் நிலை வந்தபோது, அரசரின் கருவூலமே அதைத் தீர்க்க வேண்டியதாயிற்று. அரசரின் கையை எதிர்பார்த்து வாழ்ந்த பயணியின் நிலை இது.

பின்னர் சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்ட அவருக்குக் கோழிக்கோட்டில் பேரிடி காத்திருந்தது. தூதுப் பொருட்களை ஏற்றிய கப்பல் புயலில் அழிந்தது. தில்லிக்குத் திரும்ப அஞ்சிய அவர் மாலத்தீவுக்குச் சென்று காழியானார். அங்கிருந்து இலங்கைக்குச் சென்று, பாவா ஆதம் மலையில் ஏறினார். 1344ஆம் ஆண்டையொட்டி, மஅபர் என்று அரபியர் அழைத்த நம் சோழ, பாண்டியக் கரையை நோக்கி வந்தபோது, கரைக்கு அருகில் அவருடைய கப்பல் உடைந்தது.

அப்போது மதுரையைத் தலைநகராகக் கொண்டு தனி சுல்தானகம் ஒன்று நடந்து வந்தது. தில்லியின் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா 1335ஆம் ஆண்டளவில் அதை நிறுவியிருந்தார். அஹ்ஸன் ஷாவின் மகள் ஒருவரை இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். மற்றொரு மகளை மணந்தவரோ அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி. ஆக, கரையொதுங்கிய பயணிக்கு அரசர் சகலை முறையானார். செய்தி சென்றவுடன் குதிரைகளும் ஆட்களும் வந்தனர். பாசறையில் வரவேற்பும் விருந்தும் கிடைத்தன. மாலத்தீவின் மீது படையெடுக்கலாம் என்று அரசருக்கு யோசனை சொல்லுமளவுக்கு நெருக்கம் வளர்ந்தது. மாலத்தீவில் அவர் காழியாக இருந்ததையும், அங்கே அவருக்குப் பதவிப் பூசல்கள் நேர்ந்ததையும் எண்ணினால், இந்த யோசனை நல்லெண்ணத்தால் மட்டும் எழுந்தது என்று சொல்ல நம்மால் இயலவில்லை.

அந்த நெருக்கத்தில் இருந்தபடியே அவர் கண்ட காட்சிகள் கொடியவை. அரசரின் படை காட்டு வழியே சென்றபோது எதிர்ப்பட்ட இந்துக் குடிமக்கள் சிறைபிடிக்கப்பட்டனர். கூர் சீவிய கழுமரங்களை அவர்களே சுமந்து வரச் செய்து, பாசறையின் வாயில்களில் நட்டு, அவர்களைக் கழுவேற்றினர். பெண்களும் குழந்தைகளும் கூடத் தப்பவில்லை. ஒருநாள் அரசர் உணவருந்துகையில் காழி வலப்புறமும் இப்னு பதூதா இடப்புறமும் இருக்க, ஒரு மனிதரும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டு அங்கேயே கொல்லப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு நாள் அத்தகைய தண்டனை தொடங்கியபோது, தொழுகைக்குச் செல்வதாகச் சொல்லி எழுந்து போனார்.

இவற்றையெல்லாம் அவர் மறைக்கவில்லை. வேறெந்த அரசரிடமும் தாம் கண்டிராத இழிசெயல் இது என்றும், இதன் காரணமாகவே அல்லாஹ் அவரது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் கருத்துப்படச் சொல்லிவிட்டார். சொன்னவர் பகைவரல்லர், அதே மார்க்கத்தவர், உறவினர், அந்த விரிப்பில் அமர்ந்து உண்டவர். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று திருக்குர்ஆன் 4:135 கற்பிக்கும் கடமையை நாம் இங்கே நினைவுகூர்கிறோம்.

ஆயினும் அளவுக்கு மீறிப் புகழவும் நாம் முன்வரவில்லை. அவர் அந்தச் சபையில் வாய் திறக்கவில்லை. அன்பளிப்புகளை மறுக்கவும் இல்லை. உண்மையைச் சொன்னது அரசர் மறைந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், வேறொரு கண்டத்தில், வேறொரு அரசரின் ஆதரவில். உண்ட இடத்தில் உண்மை பேசுவது எத்துணை அரிது என்பதற்கும், காலம் தாழ்ந்தேனும் பேசப்படும் உண்மைக்கு எத்துணை மதிப்புண்டு என்பதற்கும் இவர் ஒருவரே சான்றாகிறார். அந்த நூற்றாண்டின் மதுரையைப் பற்றிக் கசப்பான உண்மைகளைக் கேட்க நேரும்போது, அவற்றைப் பதிவு செய்தவர்களுள் ஒரு முஸ்லிம் அறிஞரும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அநீதியை அநீதி என்று சொல்வதால் சமுதாயத்தின் மானம் குறைவதில்லை.

பாசறையிலிருந்து அவர் மதுரை நகருக்கு வந்தபோது கொள்ளை நோய் பரவியிருந்தது. நோயுற்றவர்கள் இரண்டாம், மூன்றாம் நாளில், மிஞ்சினால் நான்காம் நாளில் இறந்தனர். வெளியே சென்றால் நோயாளிகளையும் சடலங்களையும் தவிர வேறெதையும் காண முடியவில்லை என்கிறார். வறுமையைச் சொல்லி உதவி கேட்டு, எட்டு வயது மகனுடன் வந்த ஒரு தாய்க்கு அவர் பொருள் கொடுத்தார். அந்தத் தாய் மறுநாள் வந்தது, அதே மகனுக்குக் கஃபன் துணி கேட்டு. அரசரின் தாயும் மகனும் அந்நோயில் மடிந்தனர். சில நாட்களில் அரசரும் இறந்தார்.

இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. முடிவு நெருங்கிவிட்டதென்றே எண்ணினார். அப்போது, அங்கே மிகுதியாகக் கிடைக்கும் புளியை உட்கொள்ளும் எண்ணத்தை அல்லாஹ் தமக்கு அளித்ததாகச் சொல்கிறார். ஏறக்குறைய ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு கழிந்து உடல் தேறியது. அரபியர் புளியைத் 'தம்ர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை என்பர். அவர் அளவு சொன்ன 'ரத்ல்' என்னும் சொல்லின் வழிவந்ததே நம் பாட்டிமார் வாயில் வழங்கிய 'ராத்தல்'. மதுரைச் சமவெளியின் சாலையோரப் புளியமரங்களைக் காணும்போது இந்தப் பயணியையும் நாம் நினைத்துக்கொள்ளலாம். உயிர் பிழைத்த பின் அவருக்கு அந்நகரில் தங்க மனமில்லை. புதிய அரசர் நாஸிருத்தீனிடம் விடைபெற்றுக் கிளம்பினார்.

கொல்லத்தில் சில மாதங்கள் தங்கி, மேற்குக் கரையோரமாகக் கப்பலில் சென்றபோது கடற்கொள்ளையர் பன்னிரண்டு படகுகளில் சூழ்ந்தனர். இலங்கை அரசர் தந்த மணிகள் முதல் மாற்றுடை வரை அனைத்தும் பறிபோயின. உடுத்திய காற்சட்டை மட்டுமே மிஞ்சியது. புகாராவில் அறிஞர்களின் கப்ருகளில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து வைத்திருந்த குறிப்புகளும் அவ்வாறே கடற்கொள்ளையில் தொலைந்தன. பயணத்தை எழுதுபவருக்குப் பொன்னை இழப்பதை விடவும் இது பெரிய இழப்பு. கோழிக்கோட்டின் பள்ளிவாசலில் தஞ்சம் புகுந்தவருக்கு ஒருவர் அங்கியும், காழி தலைப்பாகையும், வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையும் அனுப்பினர்.

குடும்பம் கொடுத்த விலையோ இதனினும் பெரிது. தில்லியில் விட்டுவந்த மனைவியும் மகளும் என்ன ஆயினர் என்று தமக்குத் தெரியாது என அவரே சொல்கிறார். தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே மௌத்தாகிவிட்ட செய்தியை 1348இல் திமிஷ்கில்தான் அறிந்தார். தாயகத்தின் எல்லையை அடைந்தபோது தாயும் கொள்ளை நோயில் மறைந்த செய்தி வந்தது.

இறுதியில் ஃபெஸ் நகரில் மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதினார். சொல்லி முடித்தது 1355 டிசம்பர். நூலின் சில பகுதிகள் முன்னோடியான இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். அரசவையில் பலர் அவர் சொன்னவற்றை நம்பவில்லை என்பதை இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் குறித்துள்ளார். உழைத்துத் திரட்டியதைப் பிறர் நம்பாமல் போவதும், அடுத்தவர் எழுத்தைக் கலக்கும் ஆசையும் அன்றே இருந்தன.

இன்று அரசர்களின் இடத்தில் விடுதிகளும் நிறுவனங்களும் இருக்கின்றன. பணமோ, பரிசோ, இலவசப் பயணமோ, தங்குமிடமோ பெற்றுக்கொண்டு பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சட்டம் சொல்லும் முன்பே நம் மார்க்கம் அமானிதம் என்னும் சொல்லால் இதைக் கற்பித்திருக்கிறது. பயணம் எழுத விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. யாருடைய பணத்தில் போகிறாய், அவர் தவறு செய்தால் எழுதுவாயா, எழுதியதற்கு இரண்டு படிகள் வைத்திருக்கிறாயா, வாரம் ஒருமுறையேனும் உம்மாவிடம் பேசுவாயா என்று கேட்டு அனுப்புங்கள். வல்ல அல்லாஹ் நம் மக்களின் பயணங்களை எளிதாக்கி, அவர்களின் நாவையும் எழுத்தையும் உண்மையில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.