பாட்டு யாருக்குச் சொந்தம்?

நடுவர் அவர்களே! பாட்டு எழுதினவருக்குத்தான் சொந்தம்னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொன்னார். அவருக்கு ஒரு செய்தி. நாடு அடிமையாய்க் கிடந்தபோதே, விடுதலை வந்துவிட்டதாக ஆடிப் பாடினான் பாரதி. 1921-இல் மறைந்துவிட்டான், சுதந்திரத்தைக் கண்ணால பார்க்கலை. 1947 ஜனவரியில் 'நாம் இருவர்' படம் வந்தது. அந்தப் பாட்டை டி.கே. பட்டம்மாள் பாடினார். ஏழே மாதத்தில் விடுதலை! எழுதினவனுக்குக் கனவு, கேட்ட ஜனங்களுக்கு நனவு. பாட்டில் ஒரு சொல்கூட மாறலைங்க, கேட்ட காலம்தான் மாறிச்சு.

உங்க வீட்டிலேயும் அம்மா அடுப்படியில் முணுமுணுக்கிற பாட்டு ஒண்ணு இருக்கும். எழுதினவர் பெயர் உங்களுக்குத் தெரியும். அது அம்மாவுக்கு ஏன் பிடிக்கும்னு என்றைக்காவது கேட்டதுண்டா? இன்றைக்கே கேளுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சரித்திரம் அதில் இருக்கும்.