பூவிருந்தவல்லிப் பெருவழி

திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூவிருந்தவல்லியிலிருந்து கச்சிப் பேரருளாளன் சந்நிதி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பதினோராம் நூற்றாண்டினராகிய நம்பிகள் தம் நந்தவனத்து மலர்களைச் சுமந்து இத்துணைத் தொலைவும் நடந்து சென்று திருவாலவட்டக் கைங்கரியம் புரிந்தார் என்பது ஆன்றோர் வழங்கும் வரலாறு. இவ்வழியில் திருமழிசையாழ்வார் தோன்றிய திருமழிசை உள்ளது. அதற்கப்பால் எம்பெருமானார் திருவவதாரத் தலமாகிய ஸ்ரீபெரும்புதூர்.

ஆங்கிலேயர் காலத்தில் சென்னையிலிருந்து மேற்கே பட்டாளமும் பார வண்டிகளும் சென்ற பெருவழி பூவிருந்தவல்லி ஊருக்குள்ளேயே சென்றது. ஊர் நடுவே 'டிரங்க் ரோடு' என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. இருப்புப்பாதையோ இவ்வூரை நாடவில்லை. 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட புகைவண்டி, வடக்கே அம்பத்தூர், ஆவடிப் பக்கமாகச் சென்றது. 1960களில் அவ்விரு ஊர்களிலும் தொழிற்பேட்டையும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. திருத்தணிச் சாலையும் அவற்றை ஒட்டியே செல்கின்றது. பூவிருந்தவல்லிக்குச் சாலையே கதி.

அச்சாலையும் பின்னர் விலகிற்று. தேசிய நெடுஞ்சாலை 4 என வழங்கி, 2010இல் 48 என எண் மாறிய பெங்களூர்ச் சாலை, புறவழியாக ஊரைச் சுற்றிச் செல்கின்றது. பெருமாள் எழுந்தருளும் வீதியில் லாரிகள் நெருக்குவது தகாதாகையால் இம்மாற்றம் நன்றே. ஆயினும், காஞ்சிக்கு விரையும் யாத்திரிகர் பலர் நம்பிகள் பிறந்த ஊர் இதுவென்று அறியாமலே கடந்து விடுகின்றனர். காஞ்சியின் நிலையும் அஃதே. நெடுஞ்சாலை நகருள் புகாது வடக்கே ஒதுங்கிச் செல்ல, அன்பர்கள் கிளைச்சாலையில் திரும்பியே வரதனை அடைய வேண்டும்.

குறுக்கே அமைந்த சாலைகள் வேறு வகையில் உதவின. முன்பு ஆவடியன்பர்கள் பருத்திப்பட்டு வழியே பூவிருந்தவல்லிக்கு வருவர். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, ஏறத்தாழ 62 கிலோமீட்டர், மேற்குச் சாலைகள் இரண்டையும் இணைக்கின்றது. அதன் நெமிலிச்சேரி வரையிலான பகுதி 2014இலும் எஞ்சியது 2021இலும் திறக்கப்பெற்றன. தென்புறத்தார் இப்போது நகர நெருக்கடியிற் சிக்காது நசரத்பேட்டையில் இறங்கி ஊரை அடையலாம்.

புறவழி பிரியும் முகத்தில் நம்பிகள் திருநாமம் பொறித்த வழிகாட்டிப் பலகையும், மாசி மிருகசீரிடத் திருநாளில் ஒரு தண்ணீர்ப்பந்தலும் அமைப்பது, திருப்பணிச் செல்வர்களுக்குப் பெருஞ் செலவாகாது.