தோளிலிருந்து இருப்புப்பாதைக்கு: தில்லி – சிம்லா மலைவழி

தில்லிவாசி ஒருவர் இரவு ரயிலில் ஏறி, விடியுமுன் கால்காவில் இறங்கி, சிறு ரயிலுக்கு மாறினால், முற்பகலில் சம்மர் ஹில் நிலையத்தை அடைந்துவிடலாம். அங்கிருந்து தேவதாருக் காட்டினூடே சாட்விக் அருவிக்கு நடந்தே இறங்கலாம். சொந்த வாகனம் தேவையில்லை. ஆயினும் இவ்வழி நடைப்பயணிகளுக்காகப் போடப்பட்டதன்று. அரசாங்கக் கோப்புகளுக்காகப் போடப்பட்டது.

1864-இல் சிம்லா கோடைத் தலைநகராயிற்று. ஆண்டுதோறும் கல்கத்தாவிலிருந்தும், 1912-க்குப் பின் தில்லியிலிருந்தும், எழுத்தர்களும் கோப்புப் பெட்டிகளும் மலையேறினர். ரயில் வருமுன் இச்சுமையைத் தூக்கியவை மனிதத் தோள்கள். துரைசானிகள் ‘ஜம்பான்’ என்னும் தூக்கு நாற்காலியில் சென்றனர். மலைக்குடிகளிடம் ‘பேகார்’ என்ற பெயரில் ஊதியமின்றிக் கட்டாய உழைப்பு பெறப்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் பயிலும் ‘வெட்டி’ என்னும் சொல்லை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1850-இல் டல்ஹௌசி காலத்தில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான்–திபெத் சாலை அமைந்த பின்னும் பேகார் ஓயவில்லை.

1891-இல் தில்லி–அம்பாலா–கால்கா இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1903 நவம்பரில் குறும்பாதை சிம்லாவைத் தொட்டது. கால்காவின் உயரம் 656 மீட்டர். சிம்லாவின் உயரம் 2,076 மீட்டர். இடையிலுள்ள 96 கிலோமீட்டரில் 103 சுரங்கங்கள் குடையப்பட்டன. தடம் செல்ல வேண்டிய திசையை எழுத்தறியாத மலைவாசியான பல்கு கைத்தடியால் தட்டிக் காட்டினார் என்பது செவிவழிச் செய்தி. அதில் எவ்வளவு உண்மையோ! ஆனால் மலையை நடந்து அறிந்தவர் ஒருவரின் பெயரைத்தான் சிம்லாவின் ரயில் அருங்காட்சியகம் இன்று தாங்கி நிற்கிறது.

ஜப்பானில் கதை வேறு. தோக்கியோவை அடுத்த தக்காவோ மலையின் அடிவாரம்வரை கேயோ ரயில் நிறுவனம் 1967-இல் தடத்தை நீட்டியது. விடுமுறை நாளில் மலை நாடுவோரே அதன் பயணிகள். அங்கே ரயில் நடப்பவரைத் தேடிச் சென்றது. இங்கோ, ஆட்சியாளர் விட்டுச் சென்ற தடத்தில் நடப்பவர் பின்னாளில் இடம்பிடித்துக்கொண்டார்.

ரயில் நின்ற இடத்திற்கு அப்பால் பேருந்து வந்தது. 1974-இல் இமாசலப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகமும், 1976-இல் தில்லி காஷ்மீரி கேட் பேருந்து நிலையமும் தோன்றின. அங்கிருந்து ரெக்காங் பியோ செல்லும் பேருந்து நார்கண்டா வழியே போகிறது. ஹாட்டு சிகரத்திற்கு நடப்போர் அங்கே இறங்குவர். அதற்கப்பால், சட்லெஜ் பள்ளத்தாக்கை நோக்கிய சரிவில் கோட்கட் இருக்கிறது. அவ்வூரில் குடியேறிய அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் மலைக்குடிகளைத் திரட்டிப் பேகாருக்கு எதிராகப் போராடியது 1921-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அதாவது, சிம்லாவுக்கு ரயில் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தும் தோள்களுக்கு விடுதலை கிட்டவில்லை. சுமையை இறக்கியது இயந்திரம் மட்டுமே என்று எழுதும் போக்குவரத்து வரலாறுகள் இந்த இருபது ஆண்டுகளைக் கடந்து போய்விடுகின்றன.

2008-இல் யுனெஸ்கோ இத்தடத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் அருகே மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. அடிமண் அரிக்கப்பட்ட தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சிம்லாவரை ரயில் மீண்டும் ஓடியது அக்டோபரில்.