பேண்தகு வளர்ச்சிக் கல்வி

பேண்தகு வளர்ச்சிக் கல்வி என்பது, வருந்தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராமல் வாழ்வதற்குரிய அறிவையும் திறனையும் மனப்பாங்கையும் வளர்க்கும் கல்வியாகும். நாட்டெல்லை கடந்த பொறுப்புணர்வை வளர்க்கும் உலகக் குடிமைக் கல்வி இதனுடன் நெருங்கிய தொடர்புடையது. 2015 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பேண்தகு வளர்ச்சி இலக்குகளில், இலக்கு 4.7 இவ்விரண்டையும் ஒருசேரக் குறிப்பிடுகிறது.

வரலாறு

1977 இல் திபிலீசியில் நடைபெற்ற மாநாடு சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்களை வகுத்தது. 2005 முதல் 2014 வரையான காலம் பேண்தகு வளர்ச்சிக் கல்விக்கான பத்தாண்டாக யுனெசுக்கோவின் தலைமையில் கடைப்பிடிக்கப்பட்டது. இந்தியாவில், எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கல்வி நிலையங்களில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயமாக வழிவகுத்தது.

ஆய்வுகள்

சூழல் பற்றிய அறிவு கூடினால் நடத்தையும் தானே மாறும் என்னும் கருத்தை, 2002 இல் வெளிவந்த கோல்முசு, அகியமன் ஆகியோரின் ஆய்வுக்கட்டுரை மறுத்தது. பழக்கம், பொருளியல் நிலை, சமூகச் சூழல் முதலியனவும் நடத்தையைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்களின் முடிபு. வறுமையை இரக்கத்துக்குரிய ஒன்றாக மட்டும் காட்டும் பாடம் போதாது என்றும், ஏற்றத்தாழ்வின் காரணங்களையும் அதில் தமது பங்கையும் மாணவர் ஆராய வேண்டும் என்றும் 2006 இல் வனெசா ஆன்ட்ரியோட்டி வாதிட்டார். வாழிடத்தையே பாடமாகக் கொள்ளும் இடம்சார் கல்வி மற்றோர் ஆய்வுப் போக்காகும்.

தாமிரபரணிப் படுகை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே ஓடி முடியும் ஆறு. எனினும் அதன் பாசனக் குளங்களுக்குக் குளிர்காலத்தில் வரும் வலசைப் பறவைகள் நாடுகள் பல கடந்தவை. மணிமுத்தாறு நீரைப் பெறும் கூந்தன்குளத்துக்கு, நடு ஆசியாவில் இனப்பெருக்கம் செய்யும் வரித்தலை வாத்துகள் வருகின்றன. 1994 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடம் பின்னர் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள ஊரார் பறவைகளின் நலன் கருதிப் பட்டாசு வெடிப்பதைத் தவிர்க்கின்றனர்.

மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை ஒருங்கிணைத்து வருகிறது. மாணவர் உள்ளிட்ட தன்னார்வலர்கள் குளங்களுக்கு நேரில் சென்று பறவைகளை இனங்கண்டு எண்ணுகின்றனர். எண்ணிக்கையுடன் குளத்தின் நிலையும் அவர்களுக்குப் புலப்படுகிறது.

ஆன்ட்ரியோட்டி முன்வைத்த வினாவுக்கும் இவ்வாறு எடுத்துக்காட்டாகும். திருநெல்வேலி நகரின் கழிவுநீர் கலக்கும் ஆற்றின் நீரே, கீழே திருவைகுண்டம் பகுதியில் குடிநீருக்காக எடுக்கப்படுகிறது. ஆற்றை யார் மாசுபடுத்துகின்றனர், அதன் விளைவை யார் ஏற்கின்றனர் என்னும் கேள்வியை மாணவர் தொலைநாடுகளில் தேட வேண்டியதில்லை.